பேரு மட்டும் போட்டுராதீங்க

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு பேசப்போற விஷயம், ஒரு பத்திரிகையாளர் தனக்குத் தகவல் சொன்னவரோட பேரை வெளிய சொல்லாம இருக்கற உரிமை. சுருக்கமா, சோர்ஸ் ரகசியம். கேட்ட உடனே டெல்லி, சுப்ரீம் கோர்ட், பெரிய சேனல்னு எங்கேயோ தூரத்துல நடக்கற விஷயம் மாதிரி தோணும். அதனால நம்ம ஊருக்கு நல்லாத் தெரிஞ்ச ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கறேன். பனியன் கம்பெனி ஆடிட்.

திருப்பூர்க்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்ல இருந்து கேக்கறவங்களுக்காகச் சொல்றேன். வெளிநாட்டு பையர் ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடியும், ஆர்டர் ஓடிட்டு இருக்கும்போதும் கம்பெனிக்கு ஆடிட்டரை அனுப்புவாங்க. அவர் சம்பள ரெஜிஸ்டரைப் பார்ப்பார். தீயணைப்பு சிலிண்டரைப் பார்ப்பார். அவசர வழி பூட்டியிருக்கான்னு பார்ப்பார். அப்புறம் டெய்லர், செக்கிங், கைமடின்னு லைன்ல இருந்து சில பேரைத் தனியா கூப்பிட்டுப் பேசுவார். அந்த ரூம்ல எச்.ஆர். இருக்கக் கூடாது, சூப்பர்வைசர் இருக்கக் கூடாது. ஓவர்டைம் காசு ஒழுங்கா வருதா, பி.எஃப். கட்டறாங்களா, யாராவது கெட்ட வார்த்தையில திட்டறாங்களான்னு கேட்பார். ரிப்போர்ட்ல விஷயம் வரும், சொன்னவங்க பேர் வராது.

இது நடைமுறையில எவ்வளவு ஒழுங்கா நடக்குதுங்கறது வேற கதை. ஆடிட்டுக்கு முந்தின நாள் "இதைக் கேட்டா இப்படிச் சொல்லணும்"னு பாடம் நடத்தற இடங்களும் உண்டு. ஆனா விதி அதுதான். ஏன் அப்படி ஒரு விதி? அந்த இன்டர்வியூ தாளை எச்.ஆர். ஒரே ஒரு தடவை எடுத்துப் படிச்சுட்டாப் போதும். அதுக்கப்புறம் எத்தனை ஆடிட்டர் வந்தாலும், "எல்லாம் நல்லா இருக்குதுங்க" அப்படிங்கற ஒரே பதில்தான் கிடைக்கும். பேரை ரகசியமா வெச்சாத்தான் உண்மை வெளிய வரும்னு இந்தத் தொழில் எப்பவோ ஒத்துக்கிட்டது.

பத்திரிகையாளர் கேக்கறதும் அதே விதியைத்தான்.

செய்தி எங்கிருந்து வருது

நொய்யல் கதை நமக்கெல்லாம் தெரியும். சாயக்கழிவு ஆத்துல ஓடி, ஒரத்துப்பாளையம் அணையில தேங்கி, விவசாயிகள் வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு நடந்து, கடைசியில 2011 ஜனவரி 28-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்னது. ஆத்துத் தண்ணி என்ன கலர்னு பாலத்துல நின்னு யார் வேணும்னாலும் பார்க்கலாம். ஆனா எந்தப் பட்டறையில, ராத்திரி எத்தனை மணிக்கு, எந்த வால்வைத் திறக்கறாங்கங்கறது உள்ள வேலை பார்க்கற ஆளுக்கு மட்டும்தான் தெரியும்.

பி.எஃப். பிடிச்சுட்டுக் கட்டாத கம்பெனி, ஹாஸ்டல்ல பொண்ணுங்க போனை வாங்கி வைக்கற மில்லு, வெளிமாநிலத் தொழிலாளியோட அடிபட்ட கையை ரெக்கார்டுலயே ஏத்தாத காண்ட்ராக்டர். இது எதுவுமே பிரஸ் மீட்ல வராது. உள்ள இருக்கற ஒருத்தர் போன் பண்ணுவார். விஷயத்தைச் சொல்லிட்டு, கடைசியா ஒரு வாக்கியம் சொல்லுவார்: "என் பேரு மட்டும் போட்டுராதீங்க."

அந்த ஒரு வாக்கியம்தான் இன்னைக்கு சப்ஜெக்ட். அதைக் கேட்டு "சரிங்க"ன்னு நிருபர் சொல்ற இடத்துல ஒரு ஒப்பந்தம் நடக்குது. பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. ஆனா ஒருத்தரோட வேலை, வாடகை வீடு, பசங்க ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அந்த "சரிங்க" மேல நிக்குது.

பேர் கசிஞ்சா என்ன ஆகும்ங்கறதுக்கு நம்ம நாட்டுல மறக்கக் கூடாத ஒரு உதாரணம், சத்யேந்திர துபே. ஐ.ஐ.டி. கான்பூர்ல படிச்ச சிவில் இன்ஜினியர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துல வேலை. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்துல நடந்த முறைகேடுகளைப் பத்தி 2002-ல பிரதமருக்கே கடிதம் எழுதினார். என் பேரை ரகசியமா வெச்சுக்கங்கன்னு கேட்டுக்கிட்டார். அந்தக் கடிதம் அவர் பேரோடயே அலுவலகம் அலுவலகமாப் போச்சு. 2003 நவம்பர் 27-ஆம் தேதி கயாவுல அவரைச் சுட்டுக் கொன்னாங்க. அவர் போனது பத்திரிகைக்கு இல்லை, அரசாங்கத்துக்கு. ஆனா பாடம் ஒண்ணுதான்: "பேரைச் சொல்லாதீங்க"ங்கறது சும்மா ஒரு பயந்தாங்கொள்ளியோட வேண்டுகோள் இல்லை.

நிருபருக்கே இங்கே என்ன பாதுகாப்பு இருக்குன்னும் பார்க்கணும். 2024 ஜனவரி 24 ராத்திரி, நம்ம மாவட்டத்துல பல்லடம் பக்கத்துல, நியூஸ் 7 தமிழ் செய்தியாளர் நேசபிரபுவை ஒரு கும்பல் அரிவாளால வெட்டியது. அடையாளம் தெரியாத ஆட்கள் தன்னைத் தேடி வண்டியில சுத்தறாங்கன்னு அவர் முன்கூட்டியே போலீஸுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருந்தார். உதவி கேட்டுப் பேசிக்கிட்டிருக்கும்போதே ஆட்கள் வந்துட்டாங்க. அந்த ஆடியோவைத் தமிழ்நாடே கேட்டுச்சு. நல்லவேளை, உயிர் பிழைச்சார். டிவி சேனல் மைக்கைக் கையில வெச்சிருந்தவருக்கே இதுதான் நிலைமை. அப்ப ஓவர்லாக் மெஷின்ல உக்காந்திருக்கற அக்காவுக்கு?

இன்னொண்ணு, பக்கத்துல கோயம்புத்தூர்ல நடந்தது. 2020 ஏப்ரல், ஊரடங்கு நேரம். அரசு மருத்துவர்களுக்குச் சாப்பாடு சரியா கிடைக்கலை, ரேஷன் விநியோகத்துல முறைகேடுன்னு 'சிம்ப்ளிசிட்டி' இணையதளம் செய்தி போட்டுச்சு. மாநகராட்சி அதிகாரி குடுத்த புகார்ல, அதை நடத்தற ஆண்ட்ரூ சாம் ராஜா பாண்டியனைக் கைது பண்ணினாங்க. அவரோட செய்தியாளரையும் புகைப்படக்காரரையும் மணிக்கணக்கா ஸ்டேஷன்ல உக்கார வெச்சாங்க. சில நாள்ல ஜாமீன் கிடைச்சது. இந்த மாதிரி நேரத்துல, முதல்ல பேசின டாக்டர் மனசுல என்ன ஓடும்னு யோசிச்சுப் பாருங்க. "ஸ்டேஷன்ல என் பேரைச் சொல்லியிருப்பாங்களோ?" அந்தச் சந்தேகம் வந்துட்டாலே அடுத்த டாக்டர் பேச மாட்டார்.

சட்டம் என்ன சொல்லுது

இப்ப சட்டத்துக்கு வருவோம். கொஞ்சம் போரடிக்கும்னு நினைக்காதீங்க, உள்ள ஒரு ட்விஸ்ட் இருக்கு.

நம்ம சாட்சியச் சட்டப்படி வக்கீல் கிட்ட கட்சிக்காரர் சொன்னது ரகசியம். கணவன் மனைவி பேசிக்கிட்டதுக்கும் பாதுகாப்பு உண்டு. இதெல்லாம் 1872-ல வெள்ளைக்காரன் எழுதினதுலயே இருக்கு. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்துலயும் தொடருது. அதுல 131-ஆவது பிரிவைப் பாருங்க. ஒரு குற்றத்தைப் பத்திய தகவல் உனக்கு எங்கிருந்து கிடைச்சதுன்னு சொல்லச் சொல்லி ஒரு போலீஸ் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது. அதாவது, போலீஸோட இன்ஃபார்மருக்கு ஒன்றரை நூற்றாண்டா சட்டப் பாதுகாப்பு இருக்கு.

தொழிலாளர் ஆய்வாளருக்கும் இதே மாதிரி ஒரு கடமை இருக்கு. சர்வதேச தொழிலாளர் அமைப்போட 81-ஆவது உடன்படிக்கையை இந்தியா 1949-லயே ஏத்துக்கிச்சு. அதன்படி, புகார் குடுத்தவர் யாருங்கறதை ஆய்வாளர் முழு ரகசியமா வெச்சுக்கணும். புகார் வந்ததாலதான் ஆய்வுக்கு வந்தேன்னுகூட முதலாளிகிட்டச் சொல்லக் கூடாது. வேலையிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, அதுல 16-ஆவது பிரிவு: புகார் குடுத்த பொண்ணோட அடையாளத்தை வெளியிடக் கூடாது.

வக்கீலுக்கு இருக்கு, போலீஸுக்கு இருக்கு, ஆய்வாளருக்கு இருக்கு. பத்திரிகையாளருக்கு? நேரடியா எதுவும் இல்லை. 1978-ஆம் வருஷத்து பிரஸ் கவுன்சில் சட்டம், 15-ஆவது பிரிவுல, சோர்ஸைச் சொல்லும்படி பத்திரிகையாளரைக் கட்டாயப்படுத்த முடியாதுன்னு ஒரு வரி இருக்கு. ஆனா அது பிரஸ் கவுன்சில் நடத்தற விசாரணைக்குத்தான். போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அது தானா வந்து காப்பாத்தாது. 1983-ல சட்ட ஆணையம் தன்னோட 93-ஆவது அறிக்கையில, ரகசியம் காப்பேன்னு வாக்குக் குடுத்து வாங்கின தகவலோட மூலத்தைச் சொல்லும்படி கோர்ட் கேக்கக் கூடாதுன்னு சாட்சியச் சட்டத்துல ஒரு பிரிவைச் சேர்க்கச் சொன்னது. 40 வருஷம் கழிச்சு மொத்தச் சட்டத்தையே புதுசா எழுதினாங்க. அப்பவும் அந்தப் பிரிவு வரலை.

அதனால கோர்ட்டுகள்ல என்ன நடக்குதுன்னா, ஒரு பக்கம் 2021 அக்டோபர் 27-ல பெகாசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், சோர்ஸ் பாதுகாப்பு பத்திரிகைச் சுதந்திரத்தோட அடிப்படை நிபந்தனைகள்ல ஒண்ணுன்னு தெளிவாச் சொல்லுது. இன்னொரு பக்கம் 2023 ஜனவரியில டெல்லியில ஒரு சிறப்பு நீதிமன்றம், சோர்ஸைச் சொல்லாம இருக்கப் பத்திரிகையாளருக்குச் சட்டத்துல விலக்கு எதுவும் இல்லைன்னு சொல்லி, சி.பி.ஐ.யை மேற்கொண்டு விசாரிக்கச் சொல்லுது. கொள்கையளவுல உரிமை இருக்கு, கையில காட்ட ஒரு சட்டப் பிரிவு இல்லை. சென்னையில பெரிய வக்கீல் வெச்சிருக்கற பத்திரிகை இதை வெச்சுச் சமாளிச்சுக்கும். ஒரு செய்திக்கு இவ்வளவுன்னு காசு வாங்கற தாலுகா நிருபர் என்ன பண்ணுவார்?

ஒரு எஃப்.ஐ.ஆரும் சில போன்களும்

நம்ம மாநிலத்துல அண்மையில நடந்த முக்கியமான வழக்கு இது. 2024 டிசம்பர்ல அண்ணா பல்கலைக்கழக வளாகத்துல ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அந்த எஃப்.ஐ.ஆர்., மாணவியோட விவரங்களோட, வெளிய கசிஞ்சது. இது பெரிய அநியாயம், அதுல ரெண்டாவது கருத்தே கிடையாது. இந்த மாதிரி எஃப்.ஐ.ஆரை இணையத்துல ஏத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2016-லயே சொல்லியிருக்கு.

எப்படிக் கசிஞ்சது? ஐ.பி.சி.யில இருந்து பி.என்.எஸ்.-க்கு மாறினபோது வந்த தொழில்நுட்பக் கோளாறா இருக்கலாம்னு தேசிய தகவலியல் மையம் விளக்கம் குடுத்துச்சு. சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இது உடனே புரியும். இந்தப் பிரிவு நம்பர் வந்தா இணையத்துல காட்டாதேன்னு பழைய சட்டத்துக்கு ஒரு ஃபில்டர் இருக்கும். சட்டம் மாறி நம்பர் மாறும்போது ஃபில்டரும் சரியா மாறலைன்னா, பூட்டியிருக்க வேண்டிய ஃபைல் திறந்து கிடக்கும்.

உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு போட்டுச்சு. அந்தக் குழு, எஃப்.ஐ.ஆரைப் பதிவிறக்கினதா சில பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு விசாரிச்சு, போன்களை வாங்கி வெச்சுக்கிச்சு. வழக்குக்குச் சம்பந்தமில்லாத சொந்த விஷயங்களை எல்லாம் கேக்கறாங்கன்னு பத்திரிகையாளர்கள் புகார் சொன்னாங்க. சென்னை பத்திரிகையாளர் மன்றம் எதிர்த்தது. வழக்கு போனது. 2025 பிப்ரவரி தொடக்கத்துல நீதிபதி ஜி.கே.இளந்திரையன், வாங்கின போன்களைத் திருப்பிக் குடுக்கச் சொன்னார். விசாரணைங்கற பேர்ல பத்திரிகையாளர்களைத் துன்புறுத்தக் கூடாதுன்னும் சொன்னார்.

இந்த வழக்கில் ரெண்டு ரகசியம் இருக்கு. ஒண்ணு, பாதிக்கப்பட்ட பெண்ணோட அடையாளம். அதை எந்தப் பத்திரிகையாளரும் வெளியிடக் கூடாது, வெளியிட்டா தண்டனை. இன்னொண்ணு, அந்தப் போன்களுக்குள்ள இருக்கற வேற நூறு பேரோட அடையாளம். இந்த வழக்குக்கும் அவங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ரெண்டு ரகசியமும் ஒண்ணுக்கொண்ணு எதிரி மாதிரி தெரியும், ஆனா ரெண்டோட நோக்கமும் ஒண்ணுதான்: பலமில்லாத ஆளோட பேர் அவங்க சம்மதம் இல்லாம வெளிய போகக் கூடாது. முதல் ரகசியம் உடைஞ்சதுன்னு சொல்லி ரெண்டாவதையும் உடைக்கறது நியாயம் இல்லை.

போன்ங்கறது குடோன்

இங்க என் தொழில் கொஞ்சம் உதவும். முன்னாடி நிருபர்கிட்ட நோட்டு இருக்கும். போலீஸ் கேட்டா, அந்த ஒரு செய்திக்கான பக்கத்தைப் பத்திப் பேசலாம். இப்ப எல்லாம் போன்ல. பத்து வருஷத்து கான்டாக்ட், வாட்ஸ்அப், வாய்ஸ் ரெக்கார்டிங், ஃபோட்டோ, லொக்கேஷன். தடயவியல் ஆய்வகத்துல போனை அப்படியே நகல் எடுத்துட்டா, ஒரு செய்தியோட சோர்ஸ் மட்டும் இல்லை, இதுவரைக்கும் அவர் எழுதின எல்லாச் செய்தியோட சோர்ஸும், இனிமே எழுதப்போற செய்தியோட சோர்ஸும் அதுல இருக்கும். ஒரு பீஸ் டேமேஜ்னு சொல்லி மொத்த குடோனையும் லாரியில ஏத்திட்டுப் போற மாதிரி.

"எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன் இருக்கே ப்ரோ"ன்னு கமென்ட் வரும். இருக்கு. ஆனா அது மெசேஜ் போற வழியைத்தான் பூட்டுது. போய்ச் சேர்ந்த போன் திறந்த நிலையில ஒருத்தர் கையில இருந்தா, அங்க என்க்ரிப்ஷன் எதுவும் பண்ண முடியாது.

சாதாரண போன் கால் இன்னும் மோசம். என்ன பேசினீங்கங்கறது பதிவாகாது. யார், யாருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த டவர்ல இருந்துங்கறது பதிவாகும். இந்த அழைப்பு விவரத்தைக் குறைஞ்சது 2 வருஷம் வெச்சிருக்கணும்னு 2021 டிசம்பர்ல தொலைத்தொடர்புத் துறை விதியை மாத்தியிருக்கு. செய்தி வர்றதுக்கு முந்தின நாள் ராத்திரி நிருபர் நம்பருக்கும் உங்க நம்பருக்கும் நடுவுல 11 நிமிஷம்னு ஒரு வரி இருந்தாப் போதும். யாரும் வாக்குமூலம் குடுக்க வேண்டியதில்லை.

இதுல இன்னொரு விஷயம். குற்றவியல் நடைமுறைக்கான புதுச் சட்டம், பி.என்.எஸ்.எஸ்., 94-ஆவது பிரிவு, ஆவணம் கேக்கற மாதிரியே தகவல் தொடர்புக் கருவிகளையும் கேக்கலாம்னு சொல்லுது. 2023 அக்டோபர் 3-ல டெல்லியில நியூஸ்கிளிக் ரெய்டுல பத்திரிகையாளர்கள் பல பேரோட லேப்டாப், போனை எடுத்துட்டுப் போனாங்க. அடுத்த மாசமே, நவம்பர் 7-ஆம் தேதி, வேற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுகிட்ட, பத்திரிகையாளர்களுக்குச் சோர்ஸ் இருப்பாங்க, கருவிகளை எடுக்கறதுக்கு வழிகாட்டு நெறிமுறை வேணும்னு சொன்னது. இடைக்காலமா சி.பி.ஐ. கையேட்டைப் பின்பத்தறோம்னு அரசு சொன்னது. கையேடு சட்டம் ஆகாது.

எதிர்க்கேள்வி

இதுக்கு எதிரா நியாயமான ஒரு கேள்வி இருக்கு. "சோர்ஸ் ரகசியம்னு சொல்லிட்டு யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் கிளப்பி விடலாமா?"

இந்தக் கேள்வியோட வலி திருப்பூருக்குத் தெரியும். 2023 மார்ச்ல, தமிழ்நாட்டுல வடமாநிலத் தொழிலாளர்களை அடிச்சுக் கொல்றாங்கன்னு பொய் வீடியோக்கள் பரவுச்சு. சம்பந்தமே இல்லாத சண்டை, வேற மாநிலத்து வீடியோ எல்லாம் நம்ம ஊர் பேர்ல சுத்துச்சு. ரயில் ஸ்டேஷன்ல கூட்டம், பயந்து போய் ஊரிலிருந்து கூப்பிடற அம்மாக்கள், வேலைக்கு வராத லைன். பீகார்ல இருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துட்டு, அந்த வீடியோக்கள் பொய்னு சொல்லிட்டுப் போச்சு.

ஆனா கவனிங்க. அந்த வீடியோக்களைப் பரப்பினவங்க யாரும் சோர்ஸைக் காப்பாத்தலை. காப்பாத்த அங்க சோர்ஸே இல்லை. சோர்ஸ் ரகசியம்னா, யார் சொன்னாங்கன்னு வாசகருக்குத் தெரியாது, நிருபருக்குக் கட்டாயம் தெரியும். அவர் அந்த ஆளைப் பார்த்திருப்பார், சொன்னதை இன்னொரு வழியில சரிபார்த்திருப்பார், குற்றம் சாட்டப்பட்டவர்கிட்டயும் கேட்டிருப்பார். செய்தி தப்பாப் போனா அவரும் ஆசிரியரும் வழக்கைச் சந்திப்பாங்க. பேரை மறைக்கறதுக்கு விலையா, பொறுப்பை அவங்க தலைமேல ஏத்துக்கறாங்க. ஃபார்வர்டுல பொறுப்பு யார் தலையிலயும் கிடையாது.

இதுக்கு நம்ம கண்ணு முன்னாடி இருக்கற நல்ல உதாரணம் போஃபர்ஸ். சித்ரா சுப்ரமணியம் கொண்டு வந்த ஆவணங்களை 1988-ல 'தி இந்து' வெளியிட்டது. அரசியலே புரண்டது. ஆவணத்தைக் குடுத்தது யாருன்னு எல்லாரும் கேட்டாங்க. பதில் வரலை. 2012-ல, ஸ்வீடன் போலீஸ் அதிகாரியா இருந்த ஸ்டென் லிண்ட்ஸ்ட்ராம், "நான்தான்"னு தானே வெளிய வந்து சொன்னார். கிட்டத்தட்ட 25 வருஷம் அந்தப் பேர் பூட்டுக்குள்ள இருந்தது. திறந்தது யாரு? சொன்னவரே. நிருபர் இல்லை. ஏன்னா அந்த ரகசியம் நிருபரோட சொத்து கிடையாது, பேசினவரோட சொத்து. ஸ்வீடன்ல இது அரசியல் சாசனத்துலயே இருக்கு: தகவல் குடுத்தவர் பேரை அவர் சம்மதம் இல்லாம பத்திரிகையாளர் வெளியிட்டா, பத்திரிகையாளர் மேலயே வழக்கு வரும். அரசுத் துறைகள், கசிய விட்டது யாருன்னு தேடவே கூடாது.

கேக்கறது எப்பவும் அரசாங்கம்தான்னும் நினைச்சுராதீங்க. இங்கிலாந்துல 'தி இன்ஜினியர்' பத்திரிகையில பயிற்சி நிருபரா இருந்தவர் வில்லியம் குட்வின். ஒரு கம்பெனியோட பணப் பிரச்சினை பத்தி அவருக்குத் தகவல் வந்தது. யார் சொன்னதுன்னு சொல்லுன்னு கம்பெனி கோர்ட்டுக்குப் போய் உத்தரவே வாங்கிச்சு. அவர் சொல்லலை. 5,000 பவுண்டு அபராதம் போட்டாங்க. 1996-ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவரைக் கட்டாயப்படுத்தினது கருத்துச் சுதந்திரத்தை மீறினதுன்னு தீர்ப்பு சொன்னது. ஏற்றுமதியை நம்பி வாழற ஊர்ல இந்த வழக்கை ஞாபகம் வெச்சுக்கறது நல்லது.

என்ன வேணும்

எந்தச் சூழ்நிலையிலும் கேக்கவே கூடாதுன்னு நான் சொல்ல வரலை. ஒரு உயிர் போகப்போகுது, தடுக்க வேற வழியே இல்லைங்கற நிலைமை வரலாம். அப்ப யார் முடிவு பண்றதுங்கறதுதான் கேள்வி. புலன் விசாரணை பண்ற அதிகாரி தானே முடிவு பண்ணிப் போனைப் பிடுங்கக் கூடாது. முதல்ல ஒரு நீதிபதிகிட்டப் போகணும். வேற எல்லா வழியையும் பார்த்தாச்சுன்னு காட்டணும். போன் முழுசும் இல்லை, இந்தத் தேதியில் இருந்து இந்தத் தேதி வரைக்கும் இந்த விஷயம் மட்டும்னு எல்லை போடணும். பத்திரிகையாளர் தரப்பைக் கேட்ட பிறகு முடிவு எடுக்கணும். இதைச் சட்டமா எழுதணும், தாலுகா நிருபரும் யூடியூப்ல செய்தி சொல்றவரும் அதுக்குள்ள வர்ற மாதிரி எழுதணும். அடையாள அட்டை வெச்சிருக்கறவருக்கு மட்டும்னு எழுதினா, நம்ம ஊர்ல பாதிப்பேர் வெளிய நிப்பாங்க.

சட்டம் வர்ற வரைக்கும் சும்மா இருக்க முடியாது. அதனால உங்க கம்பெனியில, உங்க ஆபீஸ்ல ஒரு தப்பைப் பார்த்து, ஒரு நிருபர்கிட்டச் சொல்லணும்னு நினைச்சீங்கன்னா, ஒரு டெக் ஆளா சில விஷயம் சொல்றேன்.

முதல்ல, கம்பெனி குடுத்த போன், கம்பெனி மெயில், கம்பெனி வைஃபை மூணையும் தொடாதீங்க. அதோட லாக் அவங்க கையில இருக்கும்.

ஃபோட்டோவை வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா, எடுத்த இடம் நேரம் மாதிரி உள்தகவல் பெரும்பாலும் போயிடும். 'டாக்குமென்ட்'டா அனுப்பினா அப்படியே கூடப் போகும். அதைவிட முக்கியம், படத்துல இருக்கறது. அந்த மூலையில இருந்து, அந்த ஷிப்ட்ல, அந்த மெஷினைப் படம் எடுக்கக் கூடியவங்க எத்தனை பேர்? ரெண்டு பேர்தான்னா, உங்க பேரை நீங்களே எழுதி அனுப்பின மாதிரி. ஒரு சர்க்குலர் உங்க டிபார்ட்மென்ட் மூணு பேருக்கு மட்டும் வந்திருந்தா, அதை அப்படியே வெளியிட வேண்டாம்னு நிருபர்கிட்டச் சொல்லுங்க.

வாய்ப்பு இருந்தா நேர்ல பாருங்க. போனை வீட்டுல வெச்சுட்டுப் போங்க. மெசேஜ்தான் வழின்னா, தானா அழியற செட்டிங்கை ரெண்டு பக்கமும் போட்டுக்கங்க. ஆனா ஸ்கிரீன்ஷாட்டை அது தடுக்காதுங்கறதும் ஞாபகம் இருக்கட்டும்.

விஷயத்தைச் சொல்றதுக்கு முன்னாடியே நிபந்தனையைப் பேசிருங்க. பேர் வேண்டாமா, கம்பெனி பேரும் வேண்டாமா, நான் ஆணா பெண்ணா, எந்த டிபார்ட்மென்ட்டுன்னுகூட வரக் கூடாதா? சொல்லி முடிச்ச பிறகு கேட்டா, சில நேரம் லேட். "போலீஸ் கேட்டா என்ன பண்ணுவீங்க?"ன்னு நிருபர்கிட்டயே கேளுங்க. அந்தக் கேள்விக்கு நேரா பதில் சொல்லத் தெரியாதவர்கிட்ட உங்க பேரைக் குடுக்காதீங்க.

நிருபர்கள் யாராவது கேட்டுக்கிட்டிருந்தா உங்களுக்கும் ஒண்ணு. சோர்ஸ் பேரை அப்படியே போன்ல சேவ் பண்ணாதீங்க. "சாயப்பட்டறை முருகேசன்"னு சேவ் பண்ணினா, அதுவே ஒரு வாக்குமூலம். கைரேகை, முகம் வெச்சுத் திறக்கற லாக்கை விட நீளமான பாஸ்வேர்டு பாதுகாப்பு. முடிஞ்ச செய்தியோட மெட்டீரியலை போன்ல இருந்து எடுத்துருங்க. உங்க தைரியத்தைப் பத்தி எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா போனுக்குத் தைரியம்னு ஒண்ணு கிடையாது. திறந்தா எல்லாத்தையும் சொல்லிரும்.

மத்தவங்களுக்கு, அதாவது செய்தியைப் படிக்கற நமக்கு, ஒரு வேலைதான். "பெயர் வெளியிட விரும்பாத தொழிலாளி ஒருவர் கூறினார்"னு ஒரு வரி வரும்போது, "யாருப்பா அது?"ன்னு குரூப்ல போட்டுத் துப்பறிய ஆரம்பிச்சுராதீங்க. அந்த வரிக்குப் பின்னாடி ஒருத்தர் நாளைக்குக் காலையில எட்டரை மணி ஷிப்ட்டுக்குப் போகணும்.

இந்த எபிசோடுல ஏதாவது கேள்வி இருந்தா எழுதுங்க. பேர் போடாமலும் எழுதலாம். அடுத்த வாரம் பார்ப்போம்.